ஆர்சிங்க்: ஓர் அச்சகத்து சர்வர் அறையிலிருந்து மதிப்புரை

சிவகாசியில் காலண்டரும் டைரியும் அச்சடிக்கும் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சர்வர், நெட்வொர்க், பேக்கப் எல்லாம் என் பொறுப்பு. புது லினக்ஸ் மெஷின் வந்து இறங்கியதும் அதில் ஆர்சிங்க் (rsync) இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டளை அது. விலை கிடையாது, அழகான திரையும் கிடையாது. ஆனால் வேலை நடுவில் அறுந்துபோனால் அதே கட்டளையை அப்படியே மறுபடி ஓட்டலாம். ஓட்டும் முன்பே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் வரி வரியாகப் பதில் சொல்லும். ராத்திரி வேலையை நம்பி விட்டுவிட்டுப் போக வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பதில்தான் பெரிய விஷயம்.

எங்கள் தொழிலில் கோப்புதான் சரக்கு. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கி மார்கழி வரை டிசைன் மேல் டிசைனாக வந்துகொண்டே இருக்கும். லேயர்களை ஒன்றாக்காமல் சேமித்த ஒரு சாமி படம் சாதாரணமாக ஒரு ஜிபியைத் தாண்டும். டிசைன் செய்வது சென்னை அலுவலகத்தில், அச்சுக்கான பிளேட் எடுப்பது சிவகாசியில், நடுவில் ஒரு பிராட்பேண்ட் லைன். மழை பெய்தால் அதுவும் சந்தேகம்.

இந்த மதிப்புரையில் ஆப்ஷன்களை நாங்கள் சர்வர் அறையில் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். மைனஸ் ஏ என்றால் ஒற்றைக் கோடும் சின்ன எழுத்து ஏ-யும். டெலீட், டிரை ரன் போன்ற முழுச்சொற்களுக்கு முன்னால் இரட்டைக் கோடு வரும்.

ஆர்சிங்க் 1996-ல் வந்தது. எழுதியவர்கள் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ். விண்டோஸ் மெஷின்களோடு கோப்புகளைப் பகிர நாம் எல்லோரும் பயன்படுத்தும் சாம்பாவைத் தொடங்கியவரும் இதே டிரிட்ஜெல்தான். 1999-ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஆர்சிங்க்கின் அடிப்படைக் கணக்கு விளக்கப்பட்டிருக்கிறது. மெதுவான லைனில் பெரிய கோப்பை அனுப்ப வேண்டும், மறுமுனையில் அதன் பழைய பிரதி ஏற்கெனவே இருக்கிறது, மாறிய பகுதியை மட்டும் எப்படி அனுப்புவது? இதுதான் கேள்வி. எங்கள் சென்னை சிவகாசி லைனுக்கு இன்றைக்கும் அதே கேள்விதான்.

வாங்கும் முனை தன்னிடம் உள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். துண்டின் அளவு கோப்பு அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி அமையும். ஒரு ஜிபி கோப்பு என்றால் ஏறக்குறைய 32 கேபி துண்டுகள், அப்படி 32 ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு துண்டுக்கும் சட்டென்று போடக்கூடிய ஒரு சின்னக் கூட்டுத்தொகையும், எளிதில் ஏமாறாத ஒரு வலுவான கூட்டுத்தொகையும் கணக்கிட்டு அந்தப் பட்டியலை மட்டும் அனுப்பும். ஒரு ஜிபி கோப்புக்கு இந்தப் பட்டியல் ஒரு எம்பிகூட வராது. அனுப்பும் முனை புதுக் கோப்பின் மேல் ஒரு சட்டத்தை வைத்து ஒவ்வொரு பைட்டாக நகர்த்துவது போல நகர்த்திப் பார்க்கும். ஒரு பைட் நகர்ந்தால் வெளியே போன பைட்டைக் கழித்து, உள்ளே வந்ததைக் கூட்டினால் போதும், சின்னக் கூட்டுத்தொகை தயார். அது பட்டியலில் ஏதாவது துண்டோடு ஒத்துப்போனால் வலுவான கூட்டுத்தொகையையும் ஒப்பிடும். அதுவும் ஒத்துப்போனால், "இந்த இடத்தில் உன்னிடம் உள்ள இந்த எண் துண்டைப் போட்டுக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும். ஒத்துப்போகாத பைட்டுகள் மட்டுமே லைனில் பயணம் செய்யும். கோப்பின் நடுவில் புதிதாக ஏதாவது நுழைந்து மீதியெல்லாம் பின்னால் தள்ளப்பட்டாலும் பரவாயில்லை. பைட் பைட்டாக நகர்த்திப் பார்ப்பதால் பழைய துண்டுகள் எங்கே போயிருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

காலண்டர் வேலைக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. ஒரே முருகன் படம்தான், அடியில் இருக்கும் பட்டையில் மட்டும் ஒரு பிரதிக்கு நகைக்கடைப் பெயர், அடுத்ததற்கு மளிகைக்கடைப் பெயர். பெயரைத் திருத்தி டிசைனர் மறுபடி சேமித்தால், ஸ்டாட்ஸ் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். கடைசியில் லிட்டரல் டேட்டா என்று ஒரு வரி, மேட்ச்டு டேட்டா என்று ஒரு வரி வரும். முதலாவது உண்மையிலேயே லைனில் வந்தது, இரண்டாவது பழைய கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு ஜிபியைத் தாண்டிய கோப்புக்கு லிட்டரல் டேட்டா சில பத்து எம்பியிலேயே நின்றுவிடுவதை சீசனில் அடிக்கடி பார்க்கிறேன். கடைப் பெயருக்கு ஒரு புதுக் கோப்பு என்று பெயரை மாற்றிச் சேமிப்பவர்களுக்கு ஃபஸி என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது, சுருக்கமாக மைனஸ் ஒய். அதே ஃபோல்டரில் பெயர் ஒத்துப்போகிற பழைய கோப்பு இருந்தால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளும். இதைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. எங்களுக்கு அதிகம் உதவிய ஆப்ஷன் இது.

ஜிப் செய்த கோப்புகளிடம் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. முன்னால் ஓர் இடத்தில் மாறினாலும் அங்கிருந்து கடைசி வரை பைட்டுகள் மாறிவிடும். ஜிஜிப் கட்டளையில் ஆர்சிங்கபிள் என்று ஒரு ஆப்ஷன் அதற்காகவே இருக்கிறது, ஜிப் செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதைப் போடலாம். இன்னொரு பெரிய வாய்ப்பு கண்ணெதிரே வீணாவதையும் பார்த்திருக்கிறேன். தொலைவில் இருக்கும் ஷேரை (பகிர்ந்த ஃபோல்டரை) இந்த மெஷினின் டிஸ்க் போலவே இணைத்து, அதாவது மவுன்ட் செய்துகொண்டு, அதன்மேல் ஆர்சிங்க் ஓட்டுவார்கள். ஆர்சிங்க்குக்கு அது உள்ளூர் டிஸ்க். உள்ளூர் காப்பிக்கு அது துண்டுக் கணக்கே பார்க்காமல் முழுக் கோப்பையும் எழுதும். மறுமுனையிலும் ஓர் ஆர்சிங்க் ஓட வேண்டும், எஸ்எஸ்ஹெச் (குறியாக்கம் செய்த தொலை இணைப்பு) போன்ற வழியில் போக வேண்டும். அப்போதுதான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும்.

முதல் முழு லோடை மட்டும் லைனில் அனுப்பாதீர்கள். சென்னையில் ஒரு வெளி டிஸ்க்கில் மைனஸ் ஏ போட்டு ஆர்சிங்க்காலேயே எல்லாவற்றையும் எழுதி, பார்சலில் போட்டு அனுப்பச் சொன்னோம். இங்கே அதை சர்வரில் இறக்கிய பிறகு லைன் வழியாக ஓட்டினால் வித்தியாசம் மட்டும் வந்தது. மைனஸ் ஏ முக்கியம், ஏனென்றால் அதுதான் கோப்பின் நேரத்தைக் காப்பாற்றுகிறது. ஆர்சிங்க் சாதாரணமாக ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் வைத்து மட்டுமே. நேரம் தொலைந்துவிட்டால் மாறாத கோப்பையும் மாறியதாக நினைத்து ஒவ்வொன்றாகத் திறந்து கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இனி நான் மனதாரப் பாராட்டும் பகுதி. மைனஸ் என் போட்டால் டிரை ரன், அதாவது எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும். அதோடு மைனஸ் ஐ சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி, வரியின் தொடக்கத்தில் 11 இடங்கள். முதல் இடத்தில் அம்புக்குறி இடப்பக்கம் பார்த்தால் போகிறது, வலப்பக்கம் பார்த்தால் வருகிறது. இரண்டாவது இடம் கோப்பா, ஃபோல்டரா, லிங்க்கா என்று சொல்லும். அடுத்தடுத்த இடங்கள் உள்ளடக்கம், அளவு, நேரம், அனுமதி, உரிமையாளர், குரூப் என்று வரிசையாக. மாறாததற்குப் புள்ளி, மாறியதற்கு எழுத்து. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கூட்டல் குறி என்றால் முற்றிலும் புதுக் கோப்பு. நட்சத்திரக் குறியோடு டெலீட்டிங் என்று வந்தால், நிறுத்தி மூச்சு விட்டுப் படிக்க வேண்டிய வரி.

இதைப் படிக்கப் பழகிவிட்டால் நோயே வரியில் தெரியும். ஒரு கஸ்டமர் கொடுத்த டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்க ஒத்திகை ஓட்டினோம். ஏற்கெனவே இங்கே இருக்கும் கோப்புகள் எல்லாமே பட்டியலில் வந்தன, ஆனால் ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்கான இடத்தில் மட்டும் எழுத்து, மற்ற இடமெல்லாம் புள்ளி. அளவு மாறவில்லை, நேரம் மட்டும் எல்லாக் கோப்பிலும் மாறியிருக்கிறது. பார்த்தவுடன் டிஸ்க் ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆனது என்று புரிந்துவிடும். ஃபேட் நேரத்தை இரண்டு விநாடிக் கணக்கில்தான் குறித்து வைக்கும். மாடிஃபை விண்டோ ஆப்ஷனுக்கு 1 என்று கொடுத்தால் ஒரு விநாடி முன்பின் இருப்பதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், பட்டியல் காலியாகிவிடும். எல்லா வரியிலும் உரிமையாளர் இடத்தில் எழுத்து வந்தால், சர்வரில் யாரோ உரிமையாளரை மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு எந்தக் காப்பி கருவியும் எனக்கு இப்படிக் காரணத்தோடு பதில் சொன்னதில்லை.

அறுந்துபோன வேலையை மறுபடி ஓட்டுவதும் இதே நேர்மையோடு நடக்கிறது. வந்துகொண்டிருக்கும் கோப்பை ஆர்சிங்க் புள்ளியில் தொடங்கும் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதும். முழுவதும் வந்து, மொத்தக் கோப்பின் கூட்டுத்தொகையும் சரிபார்த்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும். அதனால் பிளேட் அறையில் இருப்பவர் பாதி வந்த படத்தைத் திறந்து பிளேட் எடுத்துவிடுவார் என்ற பயமே எனக்கு இல்லை. பார்ஷியல் டிர் ஆப்ஷனில் ஒரு ஃபோல்டர் பெயர் கொடுத்துவிட்டால் லைன் அறுந்தாலும் வந்த வரை அங்கே பத்திரமாக இருக்கும், அடுத்த முறை அங்கிருந்து தொடரும். இன்பிளேஸ் என்று ஒன்று இருக்கிறது. அது தற்காலிகப் பெயர் இல்லாமல் உண்மைக் கோப்பிலேயே நேரடியாக எழுதும். மெய்நிகர் மெஷின் டிஸ்க் போன்ற பிரம்மாண்டமான கோப்புகளுக்கு இடம் மிச்சம். டிசைன் ஃபோல்டரில் அதை நான் அனுமதிப்பதே இல்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எங்கள் கோப்புகளில் ஏராளமானவற்றுக்குப் பெயர் தமிழில்தான். குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரானில் ராத்திரி ஓடும் வேலையின் லாகை (பதிவுக் கோப்பை) காலையில் திறந்தால், பொங்கல் என்று இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்வுக் கோடு, ஹாஷ், 340, மறுபடி ஹாஷ், 256, 252 என்று எண்களாக ஓடும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கிரான் சூழலில் மொழி அமைப்பு இல்லாததால், அச்சிட முடியாத எழுத்து என்று நினைத்து ஆர்சிங்க் பைட்டுகளை எண்முறையில் காட்டுகிறது. தமிழ் எழுத்துகள் யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 340, பிறகு 256 அல்லது 257 என்றுதான் தொடங்கும். கட்டளையில் மைனஸ் 8 சேர்த்தால் லாகில் தமிழ் தமிழாகவே வரும். கோப்பு எப்போதும் சரியாகவேதான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது உண்மையான சிக்கல். பிளேட் அறைத் தம்பி ஒருவர் போன் செய்தார்: "அண்ணே, ஒரே ஃபோல்டர்ல பொங்கல்னு ரெண்டு கோப்பு கெடக்கு. ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு. எதைத் தெறக்க?" ஒரே பெயரில் இரண்டு கோப்பு லினக்ஸில் இருக்கவே முடியாது. காரணம் டிசைனர்களின் பழைய மேக் டிஸ்க். ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மேட் ஆன மேக் டிஸ்க்குகள் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பதில்லை. எகரக் கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து வைக்கும். விண்டோஸிலிருந்து வந்த பொங்கல் 7 குறியீடு, 21 பைட். மேக்கிலிருந்து வந்த பொங்கல் 8 குறியீடு, 24 பைட். திரையில் ஒரே மாதிரி, ஆர்சிங்க்குக்கு இரண்டு வேறு பெயர்கள். பிள்ளையார் தப்பித்துவிடுவார், கோவில் மாட்டிக்கொள்ளும்: ஒகர, ஓகர, ஔகாரக் குறிகள் உள்ள பெயர்களில்தான் இந்த வம்பு. தீர்வு ஐகான்வ் ஆப்ஷன். மேக்கிலிருந்து ஓட்டும்போது உள்ளூருக்கு யூடிஎஃப் 8 மேக், மறுமுனைக்கு யூடிஎஃப் 8 என்று இரண்டையும் காற்புள்ளி போட்டுக் கொடுத்தால் போகிற வழியிலேயே சேர்த்து எழுதிவிடும். இது வேலை செய்ய மேக்கிலும் ஆர்சிங்க் 3 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆப்பிள் பல வருஷமாக 2.6.9 என்ற மிகப் பழைய பதிப்பைத்தான் கொடுத்துவந்தது, அண்மைய மேக்ஓஎஸ்ஸில் ஓப்பன்ஆர்சிங்க் என்ற வேறொரு கருவியை வைத்திருக்கிறது. அதில் எல்லா ஆப்ஷனும் கிடையாது. ஹோம்ப்ரூ வழியாக முறையான ஆர்சிங்க்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் நீளத்திலும் ஒரு கண் வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கில் கோப்புப் பெயர் 255 பைட் வரைதான். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக 85 குறியீட்டோடு இடம் முடிந்துவிடும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. விண்டோஸில் நிம்மதியாக இருக்கும் நீண்ட தமிழ்ப் பெயர் இங்கே வந்ததும் பெயர் நீளம் அதிகம் என்ற பிழையோடு நின்றுவிடும். ஆர்சிங்க் மற்றதை எல்லாம் முடித்துவிட்டு 23 என்ற எண்ணோடு வெளியேறும்.

அந்த வெளியேறும் எண்களைக் கவனிக்கும் பழக்கம் வேண்டும். 0 என்றால் சுத்தம். 24 என்றால் பட்டியல் எடுத்தபோது இருந்த கோப்பு அனுப்பும்போது இல்லை, வேலை நடக்கும் ஃபோல்டரில் இது இயல்பு. 23 என்றால் ஏதோ ஒன்று உண்மையிலேயே வரவில்லை, லாகைத் திறந்தாக வேண்டும். எங்கள் ஸ்கிரிப்ட் 24-ஐ விட்டுவிடும், 23-க்கு என் போனுக்கு மெசேஜ் அனுப்பும்.

டெலீட் ஆப்ஷனை மரியாதையோடு அணுகுங்கள். மூலத்தில் இல்லாததை மறுமுனையிலும் அழிப்பது அதன் வேலை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் கரண்ட் போய் வந்தபோது சர்வர் எழுந்துவிட்டது, டேட்டா டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. மவுன்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் காலியாக நின்றது. ராத்திரி ஆர்சிங்க் வந்து பார்த்தது, மூலம் காலி, பேக்கப்பையும் காலி செய்துவிட்டது. படிக்கும்போது பிழை வந்திருந்தால் ஆர்சிங்க் தானாகவே அழிக்கும் வேலையை நிறுத்திக்கொள்ளும், ஆனால் காலி ஃபோல்டர் பிழை அல்லவே. அதனால் எங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரியே மவுன்ட்பாயின்ட் கட்டளை. டிஸ்க் ஏறவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் மேக்ஸ் டெலீட்டில் ஓர் எண் கொடுத்திருக்கிறேன், அதைத் தாண்டி எதையும் அழிக்காமல் 25 என்று சொல்லி வெளியே வரும். மேலும், பேக்கப் டிர் கொடுத்தால் அழிய வேண்டியவை அழியாமல் தனி ஃபோல்டருக்கு ஒதுங்கும்.

மூலத்தின் பெயருக்குப் பின்னால் வரும் கடைசி ஸ்லாஷ் புதியவர்கள் எல்லோரையும் படுத்தும். ஸ்லாஷ் இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். இதைப் பெரிய குறை என்று நான் சொல்ல மாட்டேன், ஒத்திகை ஓட்டினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

லிங்க் டெஸ்ட் ஆப்ஷன் இல்லையென்றால் எங்கள் பேக்கப் டிஸ்க் எப்போதோ நிரம்பியிருக்கும். ஒவ்வொரு ராத்திரிக்கும் தேதி போட்ட ஒரு ஃபோல்டர். லிங்க் டெஸ்ட்டில் முந்தைய நாள் ஃபோல்டரைக் காட்டினால், மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் (டிஸ்க்கில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடும், மாறியவற்றை மட்டும் புதிதாக எழுதும். எந்தத் தேதியைத் திறந்தாலும் அன்றைய முழு நிலவரம் அப்படியே இருக்கும். "போன மாசம் காட்டின லட்சுமி படமே நல்லாயிருந்துச்சு அண்ணாச்சி, அதையே போடுங்க" என்று கஸ்டமர் சொன்னால் அந்தத் தேதிக்குள் போய்ச் சும்மா காப்பி எடுத்துவிடலாம். மீட்டெடுக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. இடம் உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று பார்க்க, இரண்டு தேதி ஃபோல்டர்களையும் ஒரே டியூ (பிடித்திருக்கும் இடத்தை அளப்பது) கட்டளையில் கொடுங்கள். ஹார்ட் லிங்க்கை அது ஒரு முறைதான் எண்ணும் என்பதால் இரண்டாவது ஃபோல்டருக்கு அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த இடம் மட்டும் காட்டும்.

இதில் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை உண்டு. முந்தைய நாள் ஃபோல்டரை முழுப் பாதையோடு கொடுங்கள். அரைகுறைப் பாதை கொடுத்தால் அதை ஆர்சிங்க் சேருமிடத்திலிருந்து கணக்கிடும். ஃபோல்டர் கிடைக்காவிட்டால் ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதிவிட்டு முழுவதையும் காப்பி செய்ய ஆரம்பித்துவிடும், காலையில் டிஸ்க் நிரம்பிக் கிடக்கும். சர்வரில் யாராவது எல்லாக் கோப்புகளின் அனுமதியையும் ஒட்டுமொத்தமாக மாற்றினால் அன்றைக்கு எதுவுமே லிங்க் ஆகாது, ஒவ்வொன்றும் புதுப் பிரதி. ஃபோல்டர் பெயரை மாற்றினாலும் அப்படித்தான், பெயர் மாற்றத்தை ஆர்சிங்க் அடையாளம் காணாது. பழைய பேக்கப்பைப் புது டிஸ்க்குக்கு மாற்றும்போது பெரிய ஹெச் சேர்க்க மறக்காதீர்கள். மைனஸ் ஏ-க்குள் ஹார்ட் லிங்க் அடங்காது, அது இல்லாமல் காப்பி செய்தால் ஒவ்வொரு தேதியும் முழு அளவுக்கு ஊதிவிடும்.

கூட வைத்துக்கொள்ள வேண்டிய சின்னக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட வேலை என்றால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், உங்கள் எஸ்எஸ்ஹெச் அறுந்தாலும் வேலை ஓடும். நேற்றைய வேலை முடியாமல் இன்றையது தொடங்கிவிடாதிருக்க எஃப்லாக். பகலில் லைனை அடைக்காமலிருக்க பிடபிள்யூ லிமிட். மொத்தத்தில் எவ்வளவு முடிந்தது என்று பார்க்க இன்ஃபோவில் பிராகிரஸ் 2, அதோடு நோ இன்க் ரிகர்சிவ் சேர்த்தால்தான் சதவீதம் முன்னும் பின்னும் ஆடாமல் நிற்கும்.

எதற்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் திருத்துகிற ஃபோல்டருக்கு ஆர்சிங்க் கூடாது, அது ஒருவழிப் பாதை. அதற்கு யூனிசன் அல்லது சிங்க்திங். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை இதால் அள்ளக் கூடாது, முதலில் டம்ப் (டேட்டாபேஸின் ஏற்றுமதிப் பிரதி) எடுத்து அந்த டம்ப்பை அனுப்புங்கள். வெளியாள் கையிலுள்ள இடத்தில் பூட்டி வைக்க வேண்டிய பேக்கப்புக்கு ரெஸ்டிக், போர்க் இரண்டும் நல்லவை, அவை தாமே குறியாக்கம் செய்துவிடும். கிளவுட் பக்கெட்டுக்கு ஆர்குளோன். லட்சக்கணக்கான பொடிக் கோப்புகள் என்றால் ஆர்சிங்க் மெதுவாகத்தான் போகும், ஒற்றை வரிசையாக ஒவ்வொன்றையும் பார்ப்பதால் வேறு வழியில்லை. மேன் பக்கம், அதாவது கையேடு, மிக நீளம். ஆனாலும் நன்றாக எழுதப்பட்டது, இதிலுள்ள பாதி விஷயம் எனக்கு அங்கிருந்து கிடைத்ததுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. டிசைன் சர்வர் பேக்கப் சர்வருக்குத் தள்ளக் கூடாது, பேக்கப் சர்வர்தான் வந்து இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போது டிசைன் சர்வரில் ஏதாவது வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டினாலும் பேக்கப் பக்கம் போக அதற்குச் சாவி கிடைக்காது. இழுப்பதற்கான எஸ்எஸ்ஹெச் கீயை ஆர்சிங்க்கோடு வரும் ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்டால் ஒரே ஃபோல்டருக்கு, படிக்க மட்டும் என்று கட்டிப்போட்டிருக்கிறேன்.

எஸ்எஸ்ஹெச் இல்லாமல் 873 போர்ட்டில் டீமனாக (பின்னணியில் எப்போதும் காத்திருக்கும் சேவையாக) ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஆறு ஓட்டைகள் ஒன்றாக வெளியிடப்பட்டன. அவற்றில் மோசமானது டீமனைத் தாக்கியது, பெயர் தெரியாமல் படிக்கும் அனுமதி இருந்தாலே வெளியாள் தன் நிரலை உங்கள் சர்வரில் ஓட்டிவிடக்கூடிய அளவுக்கு. அதே மாதம் வந்த 3.4.0 பதிப்பில் இவை அடைக்கப்பட்டன. டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் பழைய பதிப்பு எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துக் கொடுப்பதால் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், உங்கள் டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அறிவிப்பைப் பாருங்கள். நீங்களே கம்பைல் செய்து வைத்தது, நாஸ் (நெட்வொர்க் டிஸ்க்) பெட்டிக்குள் மறைந்திருப்பது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்எஸ் கட்டளையால் 873-ல் எதுவும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, தேவையில்லை என்றால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.